கணக்கு மார்க்கு கல்லூரியில் சேர்க்கும், கைகொடுக்குமா?

மே மாதம் வந்துவிட்டால், பிளஸ்-2 எழுதிய பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான். "கட்-ஆப் எவ்வளவு வரும்?" சென்னை மயிலாப்பூரிலும் இதே கேள்வி. விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டிலும் இதே கேள்வி.

மண்டகப்பட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பு என்ஜினீயரிங் கல்லூரி விழுப்புரத்திலும் இருக்கிறது; திண்டிவனத்திலும் இருக்கிறது. பட்டணத்துக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்பது இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியின் வாசற்படியைத் தாண்ட ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

200-க்கு 100 கணக்குக்கே!

கட்-ஆப் மொத்தம் 200 மார்க்கு. இதில் கணக்குக்கு 100. இயற்பியலுக்கு 50. வேதியியலுக்கு 50.

கணக்கில் பிள்ளை வாங்கிய மார்க்கு அப்படியே சேரும். மற்ற இரண்டு பாடங்களிலும் வாங்கியதில் பாதிதான் சேரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரே ஊரில் இரண்டு மாணவிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மாணவி கணக்கில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 84 வாங்குகிறாள். மூன்றும் சேர்ந்து 256. இரண்டாவது மாணவி கணக்கில் 84, இயற்பியலில் 90, வேதியியலில் 90. மொத்தம் 264. எட்டு மார்க்கு அதிகம்.

இப்போது கட்-ஆப் போடுங்கள். முதல் மாணவிக்கு 92, 40, 42. கூட்டினால் 174. இரண்டாவது மாணவிக்கு 84, 45, 45. அதுவும் 174 தான்!

இருவரும் சமம் என்றால் யார் முன்னால்? அங்கேயும் கணக்குத்தான் தீர்ப்புச் சொல்கிறது. கட்-ஆப் ஒன்றாக இருந்தால், கணக்கில் யார் அதிகம் என்று முதலில் பார்க்கிறார்கள். பிறகு இயற்பியல். அதற்குப் பிறகும் சில படிகள் உண்டு. எல்லாம் சமமாக இருந்தால், கம்ப்யூட்டர் கொடுக்கும் ரேண்டம் எண் முடிவு செய்யும். ஆகவே எட்டு மார்க்கு குறைவாக வாங்கிய முதல் மாணவிக்கே முன்வரிசை.

கணக்கில் ஒரு மார்க்கு, மற்றப் பாடத்தில் இரண்டு மார்க்குக்குச் சமம். கூட்டம் நெருக்கும் இடத்தில், அரை மார்க்கு வித்தியாசத்துக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நிற்பார்கள்.

முன்பு எப்படி இருந்தது?

இந்த முறை எப்போதும் இப்படியே இருந்தது இல்லை. 1984-ம் ஆண்டு தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ்-2 பரீட்சையும் எழுத வேண்டும். அதன்பிறகு இன்னொரு பரீட்சையும் எழுத வேண்டும். பிளஸ்-2 மார்க்கில் 200, நுழைவுத்தேர்வில் 100, ஆக மொத்தம் 300-க்குக் கட்-ஆப் போட்டார்கள்.

நுழைவுத்தேர்வுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். பயிற்சி நிலையங்கள் பட்டணங்களில் இருந்தன. கிராமத்துப் பிள்ளை என்ன செய்யும்? பணம் வேண்டும், தங்க இடம் வேண்டும். 'இது கிராமத்துக்கு அநீதி' என்ற குரல் பல வருஷம் கேட்டது. 2006-ம் ஆண்டு தமிழக சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. 2007-ல் சென்னை ஐகோர்ட்டும் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அந்த வருஷம் முதல் பிளஸ்-2 மார்க்கு மட்டுமே வழி.

2018-ல் இருந்து கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. 2021-ல் இன்னொரு கதவும் திறந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்கீடு வந்தது. அப்படிச் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை அரசாங்கமே செலுத்துகிறது.

ஆக, வாசற்படியில் நியாயம் செய்யப் பலமுறை முயற்சி நடந்திருக்கிறது. நல்லது. உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது? அதைப் பற்றித்தான் பேச்சு குறைவாக இருக்கிறது.

ஒரே வகுப்பு, ஒரே பாடம்

கலந்தாய்வில் 95 மார்க்கு வேறு, 55 மார்க்கு வேறு என்று நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள். கல்லூரிக்குள் நுழைந்தவுடன் அந்தப் பிரிவினை முடிந்துவிடுகிறது. கணக்கில் 95 வாங்கியவனும் 55 வாங்கியவனும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். தமிழில் கணக்குப் படித்தவளும் ஆங்கிலத்தில் படித்தவளும் ஒரே பலகையைப் பார்க்கிறார்கள். பலகையில் எழுதுவது ஆங்கிலத்தில்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணக்குக்கு 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்று பெயர். அதாவது அணிகளும் நுண்கணிதமும். வகையீடு, தொகையீடு என்று பள்ளியில் படித்தவை அங்கே இன்னும் பெரிதாக வளர்ந்து வருகின்றன.

வகையீட்டின் அரிச்சுவடி எந்த வகுப்பில் இருக்கிறது? பிளஸ்-1 வகுப்பில்! முக்கோணவியல், எல்லை, வகையீடு, தொகையீடு ஆகியவற்றின் தொடக்கம் எல்லாம் பிளஸ்-1 புத்தகத்தில்தான் இருக்கிறது. பிளஸ்-2 புத்தகத்தில் அவற்றின் பயன்பாடுகள் வருகின்றன. கட்-ஆப்புக்கு எண்ணப்படுவதோ பிளஸ்-2 மார்க்கு மட்டும்.

இதனால் என்ன ஆயிற்று? சில பள்ளிகளில் பிளஸ்-1 பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ்-2 பாடத்தையே உருப்போட வைத்தார்கள். மார்க்கு குவிந்தது. கல்லூரியில் போய்ப் பிள்ளைகள் விழித்தார்கள். இதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ்-1 வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். பரீட்சைச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பயம் குறைவது நல்லதே. ஆனால் பழைய வழக்கம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இனி பள்ளிக்கும் பெற்றோருக்கும்தான்.

மண்டகப்பட்டுக் குகைக்கோவிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அதைக் குடைவித்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் செய்த கோவில் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பாறை ஏற்கனவே நின்றது, குடைந்தால் போதும். கணக்கு அப்படி அல்ல. அது செங்கல் மேல் செங்கல் அடுக்கும் வேலை. அடியில் ஒரு வரிசை இல்லை என்றால் மேல்வரிசை நிற்காது.

அப்படி நிற்காமல் போனால் முதல் செமஸ்டரிலேயே அரியர். ஓர் அரியர் இரண்டாகிறது; இரண்டு நான்காகிறது. படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது, 'அரியர் உண்டா?' என்று பல கம்பெனிகள் கேட்கின்றன. வயலை அடகு வைத்துப் படிக்க வைத்த குடும்பத்துக்கு அது பெரிய இடி.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் பல கல்லூரிகளில் வேறு வழி இருந்தது. சேர்ந்தவுடன் கணக்கில் ஒரு சோதனை வைப்பார்கள். யாருக்கு எந்த வகுப்பு என்று அதை வைத்து முடிவு செய்வார்கள். பலவீனமான பிள்ளையை முதலில் அடிப்படை வகுப்பில் உட்கார வைப்பார்கள்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு கோளாறு வந்தது. அடிப்படை வகுப்புக்குப் போன பிள்ளைகளில் பலர் அங்கேயே தேங்கிவிட்டார்கள். பட்டத்துக்குக் கணக்கில் சேராத பாடத்தைப் படித்து, காலமும் பணமும் செலவழித்து, பாதியில் படிப்பையே விட்டார்கள். ஒரு நாள் சோதனையில் தடுமாறியதற்காகக் கீழ்வகுப்பில் தள்ளப்பட்டவர்களும் உண்டு.

ஆகவே கலிபோர்னியா மாநிலம் 2017-ல் சட்டத்தை மாற்றியது. சமுதாயக் கல்லூரிகளில் அந்த ஒரு சோதனையை நம்பக்கூடாது. பள்ளியில் வாங்கிய மார்க்கைப் பார்க்க வேண்டும். உரிய வகுப்பிலேயே சேர்த்து, கூடவே உதவியும் தர வேண்டும் என்றது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளையின் குறையைக் கண்டுபிடிப்பது நல்லது. கண்டுபிடித்த பிறகு அவனைப் பின்னால் தள்ளுவது தவறு. வகுப்பிலேயே வைத்துக்கொண்டு கைகொடுக்க வேண்டும்.

இங்கே என்ன செய்யலாம்?

நம் நாட்டில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் வருஷ மாணவர்களுக்கு மூன்று வாரத் தொடக்கப் பயிற்சி நடத்த வேண்டும் என்று அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு வகுத்திருக்கிறது. பல கல்லூரிகளில் 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்ற இணைப்பு வகுப்பும் உண்டு. 2021-ல், சில படிப்புகளுக்குப் பிளஸ்-2 கணக்கு கட்டாயம் இல்லை என்று அதே குழு சொன்னபோது பெரிய சர்ச்சை எழுந்தது. அப்போதும் இணைப்பு வகுப்பு நடத்திச் சரி செய்யலாம் என்றே விளக்கம் வந்தது.

ஆனால் இரண்டு வருஷப் பாடத்தைச் சில நாட்களில் ஊட்டிவிட முடியுமா? யாருக்கு எது தெரியவில்லை என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்தினால் என்ன பயன்? தெரிந்தவனுக்குச் சலிப்பு, தெரியாதவனுக்கு மறுபடியும் பயம்.

முதல் வாரத்தில் ஒரு சிறு சோதனை வைக்கலாம். அதற்கு மார்க்கு வேண்டாம். பெயரைப் பலகையில் ஒட்ட வேண்டாம். எந்த இடத்தில் ஓட்டை என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். பிறகு முதல் செமஸ்டர் முழுவதும், வழக்கமான வகுப்போடு, வாரத்தில் சில மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தரலாம். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் மாதத்தில் தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை. மனம் இருந்தால் போதும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

ரிசல்ட் வந்த நாளுக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் நடுவே இரண்டு, மூன்று மாதம் கிடைக்கிறது. பிளஸ்-1 கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். பிள்ளையை அதை எடுத்து, தினம் ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கோணவியலும் வகையீடும் கைக்கு வந்தால், முதல் செமஸ்டரில் பாதி பயம் போய்விடும்.

'என் மகன் 90 வாங்கியவன், அவனுக்கு எதற்கு?' என்று நினைக்கவும் வேண்டாம். 'என் மகள் 60 தானே வாங்கினாள், அவளால் முடியுமா?' என்று கலங்கவும் வேண்டாம். அந்த மார்க்கின் வேலை கலந்தாய்வோடு முடிந்தது. கல்லூரியில் முதல் நாள் முதல் புதுக் கணக்கு. அதில் பிள்ளை தவறு செய்தால் உடனே திருத்திச் சொல்ல ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். வாசற்படியில் காட்டுகிற நியாயம் வகுப்பறைக்குள்ளும் வர வேண்டும்.