கடன் வாங்கிய குழாய்

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடெல்லாம் மானாவாரிதான். கிணறு உள்ள தோட்டங்களில் மட்டும் மோட்டார் ஓடும். அதில் மாட்டிய ரப்பர் குழாய் வருஷக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கி, ஓரிடத்தில் நைந்து புடைத்துக் கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பைபாஸ் ஆபரேஷன் ஆன சிலருடைய நெஞ்சிலும் இப்படித்தான் நேர்கிறது.

இருதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்துக்கொண்டால், காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து மாற்றுப் பாதை போடுகிறார்கள். 1967-ல் அமெரிக்காவில் இந்த வழியைக் காட்டியவர் அர்ஜென்டினா நாட்டு டாக்டர் ஃபவலோரோ. நம் நாட்டின் முதல் பைபாஸ், 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் செய்தது.

காலின் சிரை நிதானமான ஓட்டத்துக்குப் பழகியது. இருதயத்தருகே அதற்கு வேகம் அதிகம். அபூர்வமாகச் சிலருக்கு, பெரும்பாலும் பத்து வருஷம் கழித்து, அது பலூன் போல வீங்குகிறது. வெடித்தால் உயிருக்கே அபாயம்.

இதில் சங்கடம் என்னவென்றால், வலியே இல்லாமலும் இருக்கும்! இருமலென்று எக்ஸ்ரே எடுத்தால் நெஞ்சில் ஒரு நிழல் தெரியும். அதைக் கட்டி என்று நினைத்து ஊசியால் குத்திச் சோதித்தால் விபரீதம். பழைய விவரம் தெரிந்தால், டாக்டர் முதலில் சி.டி. ஸ்கேனில் ரத்தக் குழாயைப் பார்ப்பார்.

மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். இப்போது பலருக்குத் தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, மெல்லிய உறை போர்த்திய ஸ்டென்டை உள்ளே விரிக்கிறார்கள். ரத்தம் அதன் வழியே போகும், வீக்கத்துக்குள் புகாது. அந்தப் பாதையே தேவையில்லை என்றால், கம்பிச் சுருள் வைத்து அடைத்துவிடுகிறார்கள். வீக்கம் மிகப் பெரிதாகி இருதயத்தை அழுத்தினால் ஆபரேஷன் தேவைப்படலாம். ஸ்டென்ட் வைத்த பிறகு, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை டாக்டரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

இதில் இல்லத்தரசிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தை வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். எந்த வருஷம், எத்தனை சிரை என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. மாமனாரோ கணவரோ, "எனக்கென்ன, கல்லுப்போல இருக்கிறேன்" என்று சொன்னாலும், மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பரிசோதனைக்குப் போகும்போது அதையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.