மின்சாரம் திரும்பும் நேரம்

காவிரிப் படுகையில் புயலால் நேரும் உயிரிழப்பைப் பற்றிப் பேசும்போது காற்றின் வேகமும் கடலின் சீற்றமுமே முன்னிறுத்தப்படுகின்றன. கூரை பறப்பதும் மரம் முறிவதும் சுவர் சாய்வதும் ஓர் இரவுக்குள் நடந்து முடிந்துவிடுவதால், பொழுது விடிந்ததும் ஆபத்து கடந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. அறுந்து விழுந்த மின்கம்பி இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. காற்று அடிக்கும்போது மின்விநியோகம் பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருக்கும், மக்களும் வீட்டுக்குள் இருப்பார்கள். காற்று ஓய்ந்த பிறகோ மக்கள் வயலுக்குச் செல்கிறார்கள், மின்சாரமும் கம்பிக்குத் திரும்புகிறது. ஒன்றைப் பற்றி ஒன்று அறியாமல் இவ்விரண்டும் நடைபெறும் சில மணி நேரமே உண்மையில் அபாயமானது என்பதும், அந்த நேரத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு தனிமனிதரின் எச்சரிக்கையைவிட மின்பகிர்மான அமைப்பையே சாரும் என்பதும் டெல்டாவின் அனுபவத்திலிருந்து பெறத்தக்க முடிவுகள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 120 கிலோமீட்டரைத் தொட்டுக் கரை கடந்த கஜா புயல், இந்தச் சிக்கலின் முழு அளவையும் ஒரே வீச்சில் காட்டியது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னைகள் தோப்பு தோப்பாக விழுந்து, கம்பங்களையும் கம்பிகளையும் தம்மோடு இழுத்துச் சென்றன. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின்பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் வரவழைக்கப்பட்டும், உட்கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அந்தச் சீரமைப்புப் பணியிலேயே மின்பணியாளர்கள் உயிரிழந்ததும் உண்டு. 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலின்போது டெல்டாக் கிராமங்களில் மின்கம்பி என்பதே அரிது என்பதை நினைவில் கொண்டால், இது பழைய புயலோடு வந்த பழைய ஆபத்து அன்று, பம்புசெட்டும் மின்விளக்கும் எல்லா வயல்களையும் எட்டிய பின் உருவான புதிய ஆபத்து என்பது விளங்கும்.

டெல்டாவின் பயிர்க் காலமும் புயல் காலமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி வருவது இங்குள்ள தனித்தன்மை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் சம்பாப் பயிர் தூர் கட்டி நிற்கிறது. தாளடி வயல்களில் நடவு நடக்கிறது அல்லது அப்போதுதான் முடிந்திருக்கிறது. இளம்பயிர் சில நாள்கள் மூழ்கிக் கிடந்தாலே அழுகிவிடும் என்பதால், கனமழை விட்ட மறுநாள் விடியலிலேயே மண்வெட்டியுடன் சென்று வரப்பை வெட்டி வடிகாலுக்குத் தண்ணீரைத் திறந்துவிடுவது விவசாயிக்குத் தள்ளிப்போட முடியாத வேலையாகிறது. "அவசியமின்றி வெளியே வராதீர்கள்" என்ற அறிவிப்பு இவரைக் கட்டுப்படுத்தாது. அவருடைய அவசியம் வயலில்தான் இருக்கிறது. தார்ச்சாலையில் கிடக்கும் கம்பி கண்ணுக்குத் தெரியும். கலங்கிய நீருக்கும் சாய்ந்த பயிருக்கும் அடியில் கிடக்கும் சாம்பல் நிற அலுமினியக் கம்பி தெரியாது. மின்பாதுகாப்புப் பற்றிய துண்டறிக்கைகள் பெரும்பாலும் நகரத்துச் சாலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்பதால், "கம்பியைத் தொடாதீர்கள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. வயலில் அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை, அருகில் கால் வைத்தால் போதும்.

இதற்கான காரணம் 'எட்டு மின்னழுத்தம்' என்று பொறியியலில் குறிக்கப்படும் நிகழ்வாகும். மின்னோட்டமுள்ள கம்பி தரையைத் தொடும்போது அந்த இடத்திலிருந்து மின்சாரம் மண்ணுக்குள் எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. தொடும் இடத்தில் மிக அதிகமாக இருக்கும் மின்னழுத்தம், விலகிச் செல்லச் செல்லக் குறைகிறது. ஆகவே முன்னே வைத்த காலும் பின்னே உள்ள காலும் வெவ்வேறு மின்னழுத்தமுள்ள இரு புள்ளிகளில் நிற்கின்றன. அந்த வேறுபாடு ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும் மின்னோட்டமாக உடலுக்குள் பாய்கிறது. 11,000 வோல்ட் உயரழுத்தப் பாதையில் ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே ஏறத்தாழ 6,350 வோல்ட் இருப்பதால், கம்பி விழுந்த இடத்திலிருந்து பத்து மீட்டர் தொலைவாவது விலகியிருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. தேங்கிய நீரில் அந்த அளவையும் போதுமானதாகக் கொள்ள முடியாது. வெறுங்காலும் நனைந்த தோலும் உடலின் மின்தடையைக் குறைத்துவிடுகின்றன. ஆடுமாடுகள் முதலில் விழுவதற்கும் இதுவே காரணம்: மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி மனிதரின் எட்டைவிட அதிகம், பாயும் மின்சாரமும் நெஞ்சைக் கடந்தே செல்கிறது. விழுந்த மாட்டைத் தூக்க ஓடுபவர் அதே வட்டத்துக்குள் நுழைகிறார். நடவு நடும் பெண்களின் நிலை இதைவிட இக்கட்டானது. குனிந்து கைகளை நீரில் வைத்து வேலை செய்பவருக்குக் கைக்கும் காலுக்கும் இடையிலான பாதை இதயத்தின் வழியாகவே போகிறது.

கம்பி அறுந்து விழுந்தால் பியூஸ் போய்விடும், பிறகு பயமில்லை என்ற நம்பிக்கை கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. ஒரு சிறு கணக்கு அதைக் கலைத்துவிடும். 230 வோல்ட் தாழ்வழுத்தக் கம்பி ஒன்று தரையில் விழுந்து, அங்கே 20 ஓம் மின்தடை இருப்பதாகக் கொண்டால், மண்ணுக்குள் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 11.5 ஆம்பியர். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஒரு கம்பியில் இழுக்கும் ஏழெட்டு ஆம்பியரைவிட இது சற்றே கூடுதல். 100 கிலோவோல்ட் ஆம்பியர் திறனுள்ள மின்மாற்றியோ முழுச்சுமையில் ஏறத்தாழ 140 ஆம்பியர் வழங்குமாறு அமைக்கப்பட்டது. அதன் பியூஸைப் பொறுத்தவரை, அறுந்து கிடக்கும் கம்பி என்பது கூடுதலாக ஓடும் இன்னொரு பம்புசெட்டு, அவ்வளவுதான். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியரே மிகுதி. வீடுகளில் பொருத்தப்படும் மின்கசிவுத் தடுப்பான் 0.03 ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும் என்றாலும், அது பொருத்திய வீட்டுக்குள் ஏற்படும் கசிவை மட்டுமே அறியும். வாசலுக்கு வெளியே கிடக்கும் கம்பியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. உயரழுத்தப் பாதைகளில் துணைமின்நிலையத்து ரிலே எனப்படும் காப்புக்கருவி இணைப்பைத் துண்டிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மரக்கிளை உரசுவது போன்ற தற்காலிகக் கோளாறுகளே மிகுதி என்பதால், துண்டிக்கப்பட்ட பாதையில் சோதனைக்காக மீண்டும் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. சாதாரண நாளில் நியாயமான அந்த வழக்கம், புயலுக்கு மறுநாள், செத்த கம்பி என்று நம்பி அருகில் நிற்பவரின் காலடியில் உயிர்பெறுகிறது.

கஜாவுக்குப் பிந்திய நாள்களில் மின்சாரமும் குடிநீரும் கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்தது. மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாத நிலையில் அந்தக் கோபம் இயல்பானதே. ஆயினும் அதன் விளைவாக, இத்தனை நாளில் இத்தனை சதவீத இணைப்புகள் திரும்பின என்ற வேகக் கணக்கு ஒன்றே அமைச்சர்களும் அதிகாரிகளும் நாள்தோறும் அறிவிக்கும் அளவுகோலாயிற்று. எத்தனை கிலோமீட்டர் மின்பாதை நடந்து பார்க்கப்பட்டது என்ற கணக்கை யாரும் கேட்கவில்லை. உண்மையில் உயிரைக் காப்பது அந்த இரண்டாவது கணக்குத்தான். ஏ.பி. சுவிட்ச் எனப்படும் கம்ப சுவிட்சுகளால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் கம்பியாளர் நடந்து பார்த்து, ஊராட்சி மூலம் நேரத்தை அறிவித்து, அதன் பிறகே மின்சாரம் விடுவது மெதுவான வேலை. வெளிமாவட்டத்திலிருந்து வந்தவருக்கு எந்த வாய்க்காலைக் கடந்து எந்தக் கம்பி எந்த வயலுக்குப் போகிறது என்பது தெரியாது, தெரிந்த உள்ளூர்க் கம்பியாளர்களின் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதோ தொழிற்சங்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பை ஊருக்குப் பொதுவாகப் பார்க்கும் நீராணிக்கர்கள் இன்னும் உள்ள ஊர்களில், அவர்களைக் கம்பியாளருடன் இணைத்துவிட்டால், மின்வாரியத்தின் எந்த வரைபடமும் தராத அறிவு ஒரே காலையில் கிடைக்கும்.

வாடகை ஜெனரேட்டர்கள் இதே காலத்தில் இன்னொரு வழியைத் திறந்துவிடுகின்றன. வெளி இணைப்பையும் ஜெனரேட்டரையும் பிரிக்கும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் நேராக இணைத்தால், அந்த மின்சாரம் தெருக்கம்பி வழியே மின்மாற்றியைத் தலைகீழாக எட்டி, 11,000 வோல்ட்டாக உயர்ந்து, மின்சாரம் நிறுத்தப்பட்டதை நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் பணியாளரைச் சென்றடையக்கூடும். மெயின் சுவிட்சை முழுவதும் அணைக்காமல் ஜெனரேட்டரை ஓட்டுவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவதாகும்.

வயலுக்குப் போகாதே என்று சொல்லிப் பயனில்லாதபோது, எப்படிப் போவது என்று சொல்வதே பொருத்தமானது. உயரழுத்தப் பாதையில் மூன்று கம்பிகளும், ஊருக்குள்ளும் பம்புசெட்டுகளுக்கும் செல்லும் தாழ்வழுத்தப் பாதையில் பொதுவாக நான்கும், தெருவிளக்கு உள்ள இடத்தில் ஐந்தும் இருக்கும்; ஆகவே வரப்பில் இறங்கும் முன் மேட்டிலோ சாலையிலோ நின்று, கம்பத்துக்குக் கம்பம் கம்பிகளை எண்ணிப் பார்த்து, ஓர் இடைவெளியில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கம் போகாதிருப்பது எழுத்தறிவோ கருவியோ வேண்டாத காவலாகும். விடியும் முன் டார்ச்சோடு செல்வதைத் தவிர்த்தால் மட்டுமே இது பயன்படும். சாய்ந்த கம்பத்தின் ஸ்டே கம்பியையும், கம்பி உரசும் முள்வேலியையும், கம்பிமேல் விழுந்த பச்சைத் தென்னை மட்டையையும் மின்சாரம் உள்ளவையாகவே கருத வேண்டும். காலில் சுரீரென்று உணர்ந்தால் ஓடக் கூடாது. ஓடும்போது எட்டு அகலமாகிறது. இரு பாதங்களையும் ஒன்றோடு ஒன்று உரசியபடி, வந்த வழியே சிறுகச் சிறுக நகர வேண்டும் என்பது விதி. சேற்றில் இது கடினம் என்பதால்தான் முன்னதாக எண்ணிப் பார்ப்பது முக்கியமாகிறது. மின்சாரம் தாக்கி விழுந்தவரைக் காய்ந்த கம்பால் தள்ளிவிடும் பழக்கம், வீட்டு இணைப்பில் எப்போதாவது பலித்திருக்கலாம். மழையில் ஊறிய மூங்கிலும் 11,000 வோல்ட்டும் சேரும் இடத்தில் அது இரண்டாவது உயிரிழப்புக்கே வழிவகுக்கும். துணைமின்நிலையத்துக்கோ மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கோ சொல்லி, மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியான பிறகு, 108 வரும்வரை நெஞ்சை நிமிடத்துக்கு நூறு முறைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டிருப்பதே உதவி.

சட்டத்தின் பார்வை இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 91ஆம் விதி, காப்புறையற்ற மேல்நிலைக் கம்பி தெரு, பொது இடம், தொழிற்சாலை, சுரங்கம், நுகர்வோர் வளாகம் ஆகியவற்றின் மேல் சென்றால், அது அறுந்தவுடன் தீங்கற்றதாகும்படி ஒரு காப்புக்கருவி இருக்க வேண்டும் என்றது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இதைத் தொடர்ந்தன. பட்டியலில் வயல் என்ற இடம் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. பம்புசெட்டு இணைப்பு உள்ள நிலத்தை நுகர்வோர் வளாகமாகக் கொள்ளலாம். ஆனால் அடுத்தவருக்குச் செல்லும் கம்பியைத் தலைக்கு மேல் தாங்கி நிற்கும் இணைப்பற்ற நிலம் எதில் சேரும்? எங்கே அமைந்த கம்பியாயினும் அதற்குக் காப்பு வேண்டுமென்று கட்டளையிட மின் ஆய்வாளருக்கு அதே விதி அதிகாரம் தந்தது என்பதால், வழி அடைபடவில்லை, பயன்படுத்தப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேச மின்வாரியத்துக்கு எதிரான ஷைல்குமாரி வழக்கில், மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த கம்பியால் மிதிவண்டியில் வந்தவர் இறந்ததற்கு, வேறொருவர் கொக்கி போட்டு மின்சாரம் திருடியதே காரணம் என்ற வாதத்தை ஏற்காமல், ஆபத்தான பொருளைக் கையாளும் அமைப்பு தன் கவனக்குறைவு நிறுவப்படாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. இழப்பீடு பெற இத்தீர்ப்பு உதவுகிறது. ஆயினும் 2021இல் மட்டும் இந்தியாவில் 12,000க்கும் மேற்பட்டோர் மின்தாக்குதலில் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருப்பதைப் பார்த்தால், இழப்பீட்டின் அச்சம் மட்டும் அமைப்புகளைத் திருத்திவிடவில்லை.

கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களில் உலக வங்கிக் கடனுதவியுடன் மின்கம்பிகளைப் புதைவடமாக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. டெல்டாவின் வயல்வெளி முழுவதற்கும் அதைச் செய்வது செலவால் இயலாது. ஆனால் வாய்க்கால், நடைபாதை, மாட்டுத்தடம் ஆகியவற்றைத் தாண்டும் இடங்களில் மட்டும் காப்புறையிட்ட கம்பியை இழுப்பது அவ்வளவு பெரிய செலவன்று. 11,000 வோல்ட் வரையிலான வெறுங்கம்பி சாலையல்லாத இடங்களில் தரையிலிருந்து 4.6 மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும் என்பது விதி. கம்பம் சாய்ந்த வயல்களில் விவசாயிகளே சவுக்குக் கழியை முட்டுக்கொடுத்துக் கம்பியை உயர்த்தி வைத்திருக்கும் காட்சி, அந்த அளவு எவ்வளவு எளிதில் கைவிடப்படுகிறது என்பதற்குச் சான்று. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தபோது புயலும் இல்லை, கம்பி அறுந்துவிடவும் இல்லை. தரைக்கும் கம்பிக்கும் இடையிலான இடைவெளியைத் தொடர்ந்து அளந்துவர ஆளில்லை என்பதையே அதுவும் காட்டிற்று. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு மின்விபத்துகளை அறிவிக்கவும் விசாரிக்கவும் வழிசெய்கிறது. அவ்வாறு நடக்கும் ஒவ்வொரு விசாரணையின் முடிவும், எந்தத் துண்டுப் பாதையில் எந்த மணிக்கு யார் உத்தரவில் மின்சாரம் விடப்பட்டது என்ற விவரத்தோடு, விபத்து நடந்த ஊராட்சியின் கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும் என்று அரசு ஓர் ஆணை பிறப்பித்தால், அதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ தேவைப்படாது.