ஊர் நடப்பு: நாற்காலி காலியாயிருந்த நாட்கள்



நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல திருமலகிரி, பொல்லாரம், பிக்கெட், கார்கானா ஆகிய பகுதிகளில் வசிப்பவை. அங்குள்ள அன்பர் ஒருவரிடம், “உங்கள் சொந்த ஊரின் சட்டசபை உறுப்பினர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். பெயர், கட்சி, சென்ற தேர்தலில் வாங்கிய ஓட்டு, தோற்றவரின் சித்தப்பா மகன் யார் என்பது வரையில் ஒப்பித்து விடுவார். “நீங்கள் குடியிருக்கும் தொகுதிக்கு யார்?” என்று கேட்டால் சிறிது நேரம் மௌனம் நிலவும். அம்மௌனத்தைக் கலைக்கவே இம்மாதம் செகந்தராபாத் கண்டோன்மெண்ட் தொகுதியின் கதையை எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கும் ஆதரவு தேடுவது என் நோக்கமன்று.

நிஜாம் சிக்கந்தர் ஜா அவர்களின் பெயரால் 1806-ஆம் ஆண்டு பெயர் பெற்ற ஊர் செகந்தராபாத். கும்பினியாரின் சென்னைப் பட்டாளத்தோடு வந்தவர்களும், பட்டாளத்திற்குச் சாமான் கொடுக்க வந்தவர்களும், 1874-ல் வாடியிலிருந்து ரயில் பாதை வந்தபின் ரயிலை நம்பி வந்தவர்களுமாகத் தமிழர்கள் இங்கே வேரூன்றினார்கள். ஆகவே கண்டோன்மெண்ட் நமக்குப் புதிய இடமன்று. அதன் அரசியல்தான் நம்மிற் பலருக்கு அயலார் வீட்டு விவகாரமாக இருந்து வருகிறது.

இத்தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. இதனோடு நெடுங்காலம் பிணைந்திருந்த பெயர் ஜி. சாயன்னா. 1994-ல் தெலுங்கு தேசக் கட்சியின் அபேட்சகராக நின்று அவர் முதன்முறை வென்றார். அவ்வாண்டு என். டி. ராமராவ் அவர்களின் பெயரே ஆந்திரப் பிரதேசமெங்கும் ஒலித்தது. 294 இடங்களில் 216 இடங்களை அவர் கட்சி கைப்பற்றியது. அந்த வெள்ளத்தில் கரையேறியவர்களில் ஒருவர் என்றுதான் சாயன்னாவை அன்று பலர் எண்ணியிருப்பார்கள். 1999-ல் அவர் மீண்டும் வென்றார். அதுவும் கட்சிக்கு நல்ல காலமே.

அவருடைய உண்மையான பலம் தெரிந்தது 2004-ல். அவ்வாண்டு தெலுங்கு தேசம் 47 இடங்களுக்குச் சுருங்கியது. மந்திரிகள் பலர் மண்ணைக் கவ்வினார்கள். சாயன்னாவோ தம் தொகுதியைக் காத்துக் கொண்டார். காற்று எதிர்த்து வீசும்போதும் ஒருவர் நிற்கிறாரென்றால், ஓட்டில் ஒரு பங்கு கட்சிக்கு வெளியே, அவருக்கென்றே விழுகிறது என்று கொள்ளலாம். ஆயினும் அந்தப் பங்கும் சாசுவதமானதன்று. 2009-ல் காங்கிரஸின் பி. சங்கர் ராவ் அவரைத் தோற்கடித்தார். ஐந்து ஆண்டுகள் சாயன்னா வெளியே இருந்தார்.

2014-ல் தெலங்கானா தனி மாநிலமாக உருவாகும் தறுவாயில் தேர்தல் வந்தது. தெலங்கானா ராஷ்டிர சமிதி 119 இடங்களில் 63 இடங்களை வென்ற தேர்தல் அது. தெலங்கானாவில் தெலுங்கு தேசத்தின் பெயரைச் சொல்லி நிற்பதே துணிச்சலாக இருந்த அந்நாளில், சாயன்னா அதே கட்சியின் சார்பில் நின்று, சமிதியின் அபேட்சகரை 3,275 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். பின்னர் அச்சட்டசபையின் காலத்திலேயே அவர் சமிதியிற் சேர்ந்தார். 2018-ல் புதிய கட்சியின் சின்னத்தில் நின்று, காங்கிரஸின் சர்வே சத்தியநாராயணாவை 37,563 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

ஒரு சின்னத்தில் ஓட்டு வாங்கிவிட்டு மற்றொரு சின்னத்தின் நிழலில் அமர்வது முறையா என்று அன்பர்கள் கேட்கலாம். முறையன்று என்பதே என் எண்ணம். ஓட்டுப் போட்டவர்களிடம் திரும்பச் சென்று கேட்ட பிறகு செய்திருக்க வேண்டிய காரியம் அது. ஆனால் 2018-ல் அவர்கள் அளித்த தீர்ப்பையும் மறைக்க முடியாது. கட்சியைவிட ஆள் கைக்கெட்டுபவராக இருப்பது ஏழை எளியவர்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ரேஷன் கார்டு வராதவருக்கும், முதியோர் பென்ஷன் நின்று போனவருக்கும் கொள்கை விளக்கம் உடனே உதவுவதில்லை. தெரிந்த முகம் ஒன்று உதவுகிறது.

இங்கே ஒரு விசித்திரத்தையும் கவனிக்க வேண்டும். கண்டோன்மெண்ட்டின் சட்டசபை உறுப்பினர் மற்றத் தொகுதி உறுப்பினர்களைப் போன்றவர் அல்லர். தொகுதியின் பெரும்பகுதியில் சாலை, சாக்கடை, தெரு விளக்கு, வீட்டு வரி, கட்டட அனுமதி எல்லாம் கண்டோன்மெண்ட் போர்டின் வசம் இருக்கின்றன. போர்டோ மத்திய அரசின் பாதுகாப்பு இலாகாவுக்கு உட்பட்டது. 2006-ஆம் ஆண்டுக் கண்டோன்மெண்ட் சட்டப்படி, போர்டின் கூட்டங்களுக்குச் சட்டசபை உறுப்பினர் சிறப்பு அழைப்பாளராக வரலாம். வாக்களிக்கும் உரிமை அவருக்கு இல்லை. குழாயில் வரும் தண்ணீரைப் போர்டு மாநிலத்தின் குடிநீர் வாரியத்திடமிருந்து மொத்தமாக வாங்கி விநியோகிக்கிறது. ஆகவே தண்ணீர் வரவில்லையென்றால் போர்டு வாரியத்தைக் காட்டும்; வாரியம் போர்டைக் காட்டும். இவ்விருவருக்கும் நடுவே நின்று இரு பக்கமும் பேசக்கூடியவர் சட்டசபை உறுப்பினரே. கையெழுத்திடும் அதிகாரம் குறைவானாலும், கேள்வி கேட்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பதவியில் இருப்பவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும், அவர் எதிர்பார்க்கச் சொல்லித் தரவேண்டியதும் அதுவே.

அந்தக் கேள்வி கேட்கும் ஆள் இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதை இத்தொகுதி அடுத்து வந்த நாட்களில் அனுபவித்தது.

2023 பிப்ரவரி 19-ஆம் தேதி சாயன்னா காலமானார். எங்கள் ரயில்வே ஆபீஸில் ஒருவர் லீவில் போனாலும், மாற்றலாகிப் போனாலும், அவருடைய வேலையை இன்னொருவர் மேற்பார்த்துக் கொள்வார். பைல் நின்று போகாது. சட்டசபை உறுப்பினரின் நாற்காலிக்கு அத்தகைய ஏற்பாடு கிடையாது. காலியான இடத்திற்கு ஆறு மாதத்திற்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் எஞ்சிய காலம் ஓராண்டுக்குக் குறைவானால் நடத்தத் தேவையில்லை என்பதும் அதே சட்டம். சட்டசபையின் காலம் 2024 ஜனவரியில் முடிவதாயிருந்தது. எனவே இடைத்தேர்தல் வரவில்லை. பொதுத் தேர்தல் வரும் வரையில் ஒன்பது மாதங்களுக்கு மேல் நாற்காலி காலியாகவே கிடந்தது.

போர்டிலாவது மக்கள் பிரதிநிதிகள் இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. எட்டு வார்டுகளுக்கு 2015 ஜனவரியில் தேர்தல் நடந்தது. நீட்டிக்கப்பட்ட காலமும் முடிந்து 2021 பிப்ரவரியில் அவர்கள் பதவி நீங்கினார்கள். 2023 ஏப்ரல் 30-ஆம் தேதி புதிய தேர்தல் என்று அறிவித்தார்கள். அறிவித்த சில வாரங்களிலேயே அதை ரத்துச் செய்தார்கள்.

2023 நவம்பர் 30-ஆம் தேதி சட்டசபைத் தேர்தல் நடந்தது. பாரத ராஷ்டிர சமிதி என்று பெயர் மாறியிருந்த கட்சியின் சார்பில் சாயன்னாவின் மகள் லாஸ்ய நந்திதா நின்றார். காங்கிரஸ், அவ்வாண்டு ஆகஸ்டில் மறைந்த மக்கள் பாடகர் கத்தரின் மகள் வெண்ணெலாவை நிறுத்தியது. தந்தையை இழந்த இரு மகளிர் ஒரே தொகுதியில் எதிரெதிரே நின்றார்கள். பாரதிய ஜனதாவின் சார்பில் ஸ்ரீகணேஷ் நின்றார். மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சியைப் பிடித்தபோதிலும், இங்கே லாஸ்ய நந்திதா 17,169 ஓட்டு வித்தியாசத்தில் ஸ்ரீகணேஷை வென்றார். வெண்ணெலாவுக்கு மூன்றாமிடமே கிடைத்தது.

வென்ற அவருக்குக் காலம் அருள் செய்யவில்லை. 2024 பிப்ரவரி 23-ஆம் தேதி விடியற்காலையில், பட்டான்செருவுக்கு அருகே வெளிவட்டச் சாலையில் நிகழ்ந்த கார் விபத்தில் அவர் உயிர் துறந்தார். முப்பதுகளில் இருந்த பெண்மணி. தேர்தல் முடிவு வந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. தந்தை மறைந்த ஓராண்டில் மகளும் மறைந்த அந்தக் குடும்பத்தின் துயரத்திற்கு அரசியல் பேதமின்றி ஊரே வருந்தியது.

அன்றைய நிலையைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். போர்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லை. சட்டசபை உறுப்பினர் இல்லை. இத்தொகுதியை உள்ளடக்கிய மல்காஜ்கிரியின் லோக்சபை உறுப்பினராயிருந்த ரேவந்த் ரெட்டி, முதலமைச்சரானதும் 2023 டிசம்பரில் அப்பதவியை விட்டு விலகியிருந்தார். ஆகவே லோக்சபை உறுப்பினரும் இல்லை. வார்டு, சட்டசபை, லோக்சபை ஆகிய மூன்று படிகளிலும், தாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவர்கூட இல்லாமல் கண்டோன்மெண்ட் மக்கள் நூறு நாட்களுக்கு மேல் இருந்தார்கள். அதுவும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருக்கும் கோடைக் காலத்தில். அதிகாரிகள் இருந்தார்கள்; தங்கள் கடமையையும் செய்திருப்பார்கள். ஆனால் அதிகாரியை மாற்றும் சக்தி மேலிடத்திற்குத்தான் உண்டு. மக்களுக்குப் பதில் சொல்லியே தீரவேண்டிய மனிதர் ஒருவரும் அந்நாட்களில் இல்லை.

2024 மே 13-ஆம் தேதி, லோக்சபைத் தேர்தலோடு இடைத்தேர்தலும் நடந்தது. ஆறு மாதத்திற்குள் இத்தொகுதி மக்கள் இரண்டாம் முறை சட்டசபைக்கு ஓட்டுப் போட்டார்கள். லாஸ்ய நந்திதாவின் சகோதரி நிவேதிதாவைச் சமிதி நிறுத்தியது. முன்பு பாரதிய ஜனதாவில் நின்று தோற்ற ஸ்ரீகணேஷ் இம்முறை காங்கிரஸின் அபேட்சகர். ஜூன் 4-ஆம் தேதி எண்ணியபோது, பாரதிய ஜனதாவின் வம்ச திலக்கை அவர் 13,206 ஓட்டு வித்தியாசத்தில் வென்றிருந்தார். நிவேதிதா மூன்றாமிடம் பெற்றார்.

அனுதாபத்தால் மட்டுமே மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்று சொல்பவர்கள் இவ்விரு தேர்தல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மகளுக்குக் கொடுத்தார்கள். அதே நாளில் இன்னொரு மகளுக்குக் கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து முதலாமவரின் சகோதரிக்கும் கொடுக்கவில்லை. மாநிலத்தில் ஆட்சி மாறிய பின், ஆளும் கட்சியின் ஆள் இருந்தால் காரியம் நடக்கும் என்று சிலர் எண்ணியிருக்கலாம். காரணம் எதுவாயினும், யோசித்தே செய்திருக்கிறார்கள். கட்சி மாறியவரைப் பொறுத்துக்கொண்ட அவர்கள், பரம்பரைப் பாத்தியதையை மட்டும் பொறுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கணக்கில் நம்மவர் பங்கு என்ன? இதுதான் நான் கேட்க விரும்பிய கேள்வி. 2023 தேர்தலில் தெலங்கானா முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஹைதராபாத் ஜில்லாவில் பாதிப்பேர்கூடப் போடவில்லை. போடாதவர்களில் நம்மவர்களும் இருந்திருப்பார்கள். பட்டியலில் பெயரே இல்லாதவர்கள் இந்தக் கணக்கில் சேரவுமில்லை. பத்தும் இருபதும் ஆண்டுகளாக இங்கே குடியிருந்து, பிள்ளைகளை இங்கே படிக்க வைத்து, வரியும் இங்கே கட்டிவிட்டு, ஓட்டை மட்டும் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ வைத்திருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். தேர்தலன்று லீவு கிடைக்காது. ரயிலில் இடம் கிடைக்காது. அங்கேயும் ஓட்டு இல்லை, இங்கேயும் இல்லை என்றாகிறது. ஊர்ப் பாசம் உயர்ந்ததுதான். ஆனால் ஊரில் உள்ள உறுப்பினர் நம் தெருக் குழாய்க்காக ஹைதராபாத் சட்டசபையில் எழுந்து பேச மாட்டார்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் பெயர் ஒரு தொகுதியில் மட்டுமே, ஒரு முறை மட்டுமே இருக்கலாம். வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் பதிய வேண்டும். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. இரண்டிடத்திலும் பெயர் வைத்துக்கொண்டு, வேறெங்கும் இல்லை என்று பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. முதன்முறை சேர்பவர்கள் 6-ஆம் எண் படிவமும், ஏற்கெனவே பதிந்திருந்து குடிபெயர்ந்தவர்கள் 8-ஆம் எண் படிவமும் நிரப்பித் தர வேண்டும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் தேதியை வைத்து வயதைக் கணக்கிடும் முறை 2022 முதல் வந்திருக்கிறது. ஆகவே பதினெட்டு நிறையும் பிள்ளைகள் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு வார்த்தை. கலியாணமாகி இங்கே வந்த பின்னும் பிறந்த வீட்டு முகவரியிலேயே பெயர் இருப்பவர்கள் உங்களிற் பலர். தண்ணீருக்கும் ரேஷனுக்கும் அலைபவர்கள் நீங்களே என்பதால், அதைக் குறித்துக் கேள்வி கேட்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் உங்கள் பெயர் முதலில் இருக்க வேண்டும்.

படிவம் நிரப்பத் தெரியாத முதியவர்கள் நம் பகுதிகளில் இருக்கிறார்கள். சங்கத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கி, வீடு வீடாகச் சென்று எழுதிக் கொடுத்தால் நலம். நானும் ஒரு பேனாவோடு வருகிறேன்.