கூடுதல் எண்ணெய்க்கே சலுகை

மும்பைக்கு மேற்கே நடுக்கடலில் 1974-இல் ‘சாகர் சாம்ராட்’ என்ற துளையிடும் மேடை கண்டறிந்த மும்பை ஹை வயல், 1976 முதல் நாட்டுக்கு எண்ணெய் தந்துவருகிறது. இன்று அது முதிர்ந்த வயல். நிலத்தடி அழுத்தம் குறைந்துவிட்டது. எண்ணெயோடு தண்ணீரும் பெருமளவில் ஏறிவருகிறது. ஒவ்வொரு பீப்பாய்க்கும் செலவு கூடுகிறது. கைவிட்டால், அடியில் எஞ்சியிருப்பது கடலுக்கடியிலேயே கிடக்கும்.

இத்தகைய வயல்களில் மேம்பட்ட எடுப்பு முறைகளால் கூடுதலாகக் கிடைக்கும் எண்ணெய்க்குச் செஸ் வரியிலும், எரிவாயுவுக்கு ராயல்டியிலும் பகுதி விலக்கு தரும் கொள்கையை 2018-இல் மத்திய அரசு ஏற்றது. சரியான வழி இதுதான். எப்படியும் கிடைத்திருக்கும் எண்ணெய்க்கு ராயல்டியைத் தள்ளுபடி செய்வது பொதுச்சொத்தை வாரி இறைப்பது. எந்த வயலுக்கு எவ்வளவு சலுகை, அதனால் எத்தனை பீப்பாய் கூடியது என்ற கணக்கை அரசு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.