இரண்டாவது சாவி

பெண்ணைப் புக்ககம் அனுப்பும் முறை நம் குடும்பங்கள் நன்கறிந்தது. குத்துவிளக்கு, வெண்கலப் பானை, முறம் என்று எது எத்தனை வைக்க வேண்டும் என்பதைப் பாட்டிமார் மனப்பாடமாகச் சொல்வர். மகன் வேலை நிமித்தம் வெளியூர் சென்றாலும் ஊறுகாய் ஜாடியும் பருப்புப் பொடியும் உடன் செல்லும். அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. ஆனால் திருமணமாகாத 33 வயது மகள், தன் சம்பாத்தியத்தில், அதே நகரத்தில் அடுக்ககம் ஒன்றில் வீடு வாங்கித் தனியே குடியேறும்போது பெற்றோர் செய்ய வேண்டியது யாது? இதற்கு எந்தப் பாட்டியிடமும் பட்டியல் இல்லை.

சென்ற ஆவணியில் மேற்கு மாம்பலத்துத் தம்பதியருக்கு இந்தக் கேள்வி வந்தது. கணவர் மின்வாரியத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், 68 வயது. மகள் சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறாள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்று பல ஆண்டுகள் அலைந்தபின், அலுவலகத்துக்கு அருகிலேயே நான்காவது மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் பெற்றோரிடம் சொன்னாள். சொன்ன அன்று இரவு அந்த வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை.

பெரியவர் இரண்டு நாட்களில் தேறினார். அவருக்குச் செய்வதற்குக் காகித வேலை இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிதழை வரிவரியாகப் படித்தார். பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி, கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று உண்டா என்று கேட்டு எழுதி வைத்தார். கிரயப் பத்திரத்தின் வரைவில் கிழக்கு எல்லையும் மேற்கு எல்லையும் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தவரும் அவரே. பதிவுக்கு முன் அது திருத்தப்பட்டது. வழக்கறிஞர் பார்த்த பத்திரம்தான் அது. ஆயினும் தன் மகள் வீட்டுப் பத்திரத்தைத் தந்தை படிப்பது போல் பிறர் படிப்பதில்லை.

அதன்பின் அவர் இரண்டு யோசனைகளை முன்வைத்தார். அன்பினால் பெற்றோர் பலரும் முன்வைப்பவை என்பதால் அவற்றைச் சற்று விரித்துச் சொல்லலாம். தம் பெயரையும் பத்திரத்தில் சேர்த்துக்கொள்வது முதலாவது. ‘பெண் பிள்ளை, ஒரு பாதுகாப்பு’ என்பது அவர் சொன்ன காரணம். நினைப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் பெயர் சேர்ந்தால், கடன் தரும் வங்கி பொதுவாக அவரையும் கடனில் சேரச் சொல்லும். 68 வயதுக்காரர் சேர்ந்தால் தவணைக் காலத்தைப் பற்றிய கேள்வி எழும். மேலும், அவர் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய பங்கு மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமமாகப் போய்ச் சேரும். மகள் மாதந்தோறும் தவணை கட்டும் வீட்டில், பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு பங்கு உண்டாகும். அண்ணன் நல்லவர்தான். நல்லவர்களுக்கிடையே மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இப்படி ஒருவரும் கேளாமல் வந்த பங்கினால்தான்.

இரண்டாவது யோசனை, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் தாம் போட்டிருந்த கணக்கை மூடி, அலமாரி வேலைக்கும் சமையலறைக்கும் பணம் தருவது. அது ஐந்தாண்டுக் கணக்கு. இரண்டாண்டு கடந்தபின் இடையில் மூடினால் முதலில் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொள்வர் என்பதை அவரே கணக்கிட்டு, ‘பரவாயில்லை’ என்று முடிவும் செய்துவிட்டார். மகள் மறுத்தாள்.

“அப்பா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற அந்த வட்டியில்தானே அம்மாவுக்கு மருந்து வாங்குகிறீர்கள்? அலமாரி அடுத்த வருஷம் வந்தால் போதும். துணியைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்கிறேன்.”

அவருக்கு வருத்தம்தான். ஆயினும் கணக்குப் பிரிவில் இருந்தவராதலால், அவள் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். பத்திரம் மகள் பெயரில் மட்டும் பதிவாயிற்று.

அம்மையாரின் நிலை வேறு. அவருக்குப் பத்திரம் இல்லை, கணக்கு இல்லை, உறவினர் இருந்தனர். ‘கல்யாணம் ஆகாத பெண்ணைத் தனியாக அனுப்புகிறாயா?’ என்ற கேள்வி எந்தத் திசையிலிருந்து, எந்தக் குரலில் வரும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே தம் தமக்கையிடம் தொலைபேசியில் ஒரு பொய் சொன்னார். அலுவலகத்திலேயே வீடு கொடுத்திருப்பதாகவும், போய் இருந்துதான் ஆகவேண்டும் என்பதாகவும் சொல்லிவிட்டார். கிருகப்பிரவேசத்துக்கு ஒருவரையும் அழைக்கவில்லை.

ஆனால் பெட்டி கட்டுவதில் அவர் குறை வைக்கவில்லை. ஆடியில் சாவி கைக்கு வந்தும், ஆவணி பிறக்கும்வரை ஒரு கரண்டியைக்கூட அந்த வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை. அந்த நாட்களில் கூடத்தில் பெட்டிகள் அடுக்கடுக்காய் உயர்ந்தன. இரும்புச் சட்டி, அரிவாள்மனை, இட்லிப் பாத்திரம், தம் தாயார் தமக்குத் தந்த ஈயச் சொம்பு. மகள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு. அதில் ஈயச் சொம்பு சூடேறாது என்று சொன்னபோதும் அவர் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

பூஜைக்கு எதைக் கொடுப்பது என்பதில் மட்டும் அவர் வாத்தியாரைக் கலந்துகொண்டார். அவர்கள் இல்லத்தில் மூன்று தலைமுறையாகச் சாளக்கிராமம் உண்டு. அதற்கு நாள்தோறும் அபிஷேகமும் நைவேத்தியமும் தவறக்கூடாது. இரவுப் பணியும் வெளியூர்ப் பயணமும் உள்ளவளிடம் அதைக் கொடுத்து மனக்குறையை உண்டாக்க வேண்டாம் என்றார் வாத்தியார். ஒரு காமாட்சி விளக்கும் குலதெய்வத்தின் படமும் போதும் என்று முடிவாயிற்று. சங்கற்பம் யாருக்கு என்ற ஐயத்தையும் அவர் எளிதாகத் தீர்த்துவைத்தார். “நீங்கள் இருவரும் மணையில் அமருங்கள். அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்வோம். வீடு அவளுடையதுதானே?” என்றார்.

முந்தைய நாள் இரவு, அம்மையார் பூஜையறைச் சுவரிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொதியை எடுத்து, விளக்கு வைத்த பெட்டியில் அடியில் வைத்தார். அது திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் சந்நிதியின் மாலை. காலவ முனிவரின் புதல்வியர் 360 பேரையும் நாளுக்கொருவராக மணந்து, நிறைவு நாளில் அனைவரையும் ஒருத்தியாக்கித் தம் இடப்பாகத்தில் வைத்துக்கொண்ட பெருமாள் அவர். அங்கே மணமாகாதவர் மாலை சாற்றி வேண்டிக்கொள்வர். திரும்பத் தரும் மாலையை அணிந்து கோயிலை ஒன்பது முறை வலம் வந்து, அதை இல்லத்தில் பாதுகாத்து, திருமணம் ஆனபின் தம்பதியராகச் சென்று சேர்ப்பிப்பர். நான்கு ஆண்டுகளுக்கு முன் மகளை அழைத்துச் சென்று வலம் வரச் செய்த மாலை அது. பூக்கள் சருகாகி, நாரும் வாசனையும் மட்டும் எஞ்சியிருந்தன.

பெரியவர் பார்த்துவிட்டார். “புது வீட்டில் முதல் பெட்டியைத் திறந்ததும் அவள் கண்ணில் இதுதான் பட வேண்டுமா?”

“பெருமாள் பிரசாதம். யாருக்காக வாங்கினோமோ, அவளோடுதானே இருக்க வேண்டும்?”

இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்த மகள் வாசற்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியருகில் அமர்ந்து, துணியைப் பிரித்து மாலையைப் பார்த்தாள்; கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அம்மா, இது பெருமாள் கொடுத்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், எனக்கு ஆபீஸில் வீடு கொடுத்திருக்கிறார்கள் என்று பெரியம்மாவிடம் சொன்னாயே, அதைக் கேட்டேன். பதினோரு வருஷம் சேர்த்த பணம், அம்மா.”

அம்மையார் பதில் சொல்லவில்லை. சமையலறைக்குச் சென்று தோசை வார்த்தார். மறுநாள் விடியுமுன், நான்கரை மணிக்கு, தமக்கையைத் தொலைபேசியில் எழுப்பினார். “அக்கா, அது அவளே வாங்கின வீடு. சொந்த வீடு. ஏழரைக்கு மேல் முகூர்த்தம். ஆட்டோ பிடித்து வந்துவிடு” என்றார். பெட்டியிலிருந்த மாலை பழைய ஆணிக்கே திரும்பிற்று. அதை அவர் எப்போது எடுத்து மாட்டினார் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

கிருகப்பிரவேசம் நன்றாகவே நடந்தது. பசுவும் கன்றும் மாடி ஏற வழியில்லாததால், கீழே வாகனங்கள் நிறுத்துமிடத்தில் நின்றே பூஜையை ஏற்றுக்கொண்டு, வாழைப்பழம் தின்று விடைபெற்றன. குலதெய்வப் படம், நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு ஆகியவற்றுடன் வலக்கால் வைத்து மகளே முதலில் உள்ளே நுழைந்தாள். சிறிய குண்டத்தில்தான் கணபதி ஹோமம். ஆயினும் புகை கண்டு விசாரிக்க வந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர், விசாரணையை மறந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு சென்றார். பால் பொங்கியது. பெரியம்மா எவர்சில்வர் குடத்துடன் வந்திருந்தார். அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார். சதுர அடி என்ன விலை என்று கேட்டார். பால்கனியில் நின்று, “காற்று நன்றாக வருகிறது” என்றார். தங்கை அஞ்சியிருந்த கேள்வியை அவர் கேட்கவே இல்லை. பிறகு வேறெங்கேனும் கேட்டிருக்கலாம், அது வேறு.

மாலையில் புறப்படும்போது மகள் இரண்டாவது சாவியைத் தந்தையின் கையில் கொடுத்தாள். “அவசரத்துக்கு உங்களிடம் ஒன்று இருக்கட்டும் அப்பா.” அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, வழி நெடுகக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதல் வாரம் அம்மையார் நாளுக்கு நான்கு முறை தொலைபேசியில் அழைத்தார். இரவு ஒன்பது மணிக்குத் தானே அழைப்பதாக மகள் சொன்னபின் அது நின்றது. எட்டே முக்காலிலிருந்து அவர் தொலைபேசியின் அருகில் அமர்ந்திருப்பது நிற்கவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. கோதண்டராமரைத் தரிசித்துவிட்டு, புளியோதரையும் துளசியும் எடுத்துக்கொண்டு இருவரும் சோழிங்கநல்லூர் சென்றனர். நான்காவது மாடியில், கதவுக்கு முன் கோலம் இருந்தது. சிறியது, சற்றுக் கோணல். அம்மையார் அதை நெடுநேரம் பார்த்தார். “சாவி இருக்கிறதே, திறவுங்களேன். தூங்கிக்கொண்டிருப்பாள், பாவம்” என்றார்.

பெரியவர் பையில் கைவிட்டுச் சாவியைத் தொட்டார். பிறகு கையை வெளியே எடுத்து அழைப்புமணியை அழுத்திவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.