சொந்தக் கார்டுக்கு வைத்த வேட்டு

டிஜிட்டல் பணப்பரிமாற்றத்துக்காக 2025 மார்ச்சில் மத்திய அரசு வங்கிகளுக்கு அறிவித்த 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகையில், நம் நாட்டுக் கார்டான ரூபே டெபிட் கார்டுக்கு ஒரு பைசாகூட இல்லை. அத்தனையும் யுபிஐக்கே. முந்தைய ஆண்டுகளில் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

பணத்தை நிறுத்தியவர்கள் கட்டணத்துக்கான தடையையாவது தளர்த்தியிருக்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டில் நடக்கும் விற்பனைக்கு வங்கிகள் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டுகளுக்கு இந்தத் தடை கிடையாது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள கடையில் 0.40 சதவீதம், அதற்கு மேற்பட்ட கடையில் 0.90 சதவீதம் வரை வாங்கிக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய் விற்பனையில் வெளிநாட்டுக் கார்டு ஒன்பது ரூபாய் வரை ஈட்டித் தரும். நம் கார்டு எதுவும் தராது. எந்தக் கார்டை வாடிக்கையாளர் கையில் வங்கி திணிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

1958இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா தொடங்கிய கார்டுதான் 1976இல் விசா ஆனது. கார்டு கொடுத்த வங்கிக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் பங்கு கிடைத்ததால் அது உலகெங்கும் பரவியது. 2012இல் ரூபே பிறந்தபோதே இந்தப் பாடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் நம் கார்டின் வருமானத்தை மட்டும் அறுத்தார்கள்.

சென்னையை அடுத்த திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருபவர்களில் ஜன்தன் கணக்கு வைத்திருப்பவருக்கு வங்கி தந்தது ரூபே கார்டு. எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இல்லை. வருமானம் தராத கார்டுக்காக எந்த வங்கி மளிகைக் கடையில் ஸ்வைப் மெஷின் வைக்கும்? அந்தக் கார்டோடு வரும் விபத்துக் காப்பீடோ, விபத்துக்கு முந்தைய 90 நாளில் ஒருமுறையாவது கார்டைப் பயன்படுத்தியிருந்தால்தான் செல்லும். கார்டு பெட்டியில் தூங்கினால் ஏழைக் குடும்பத்தின் பாதுகாப்பும் போகும். இதை யோசித்துப் பார்த்தவர் அரசில் ஒருவர்கூட இல்லையா?

இவர்களுக்கு இது புதிதல்ல. 2016 நவம்பரில் நோட்டுகளைச் செல்லாததாக்கிவிட்டு, புது நோட்டின் அளவுக்கு ஏடிஎம்கள் பொருந்தாததைப் பிறகுதான் கவனித்தார்கள். மக்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். அன்று அச்சடித்த 2,000 ரூபாய் நோட்டை 2023 மே மாதம் திரும்பப் பெற்றார்கள். 2018 முதல் சிறு டெபிட் விற்பனைகளுக்கான கட்டணத்தை அரசே ஏற்கும் என்றார்கள்; இரண்டே ஆண்டில் அது முடிந்தது. கட்டணத்துக்குத் தடை போட்ட பிறகும் ஊக்கத்தொகை வர ஓராண்டுக்கு மேல் ஆனது. முதலில் அறிவிப்பு, பிறகு யோசனை என்பதே இவர்கள் வழக்கம். இழப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரும் கூலிக்காரரும் சுமக்கிறார்கள்.

சிறு கடைக்காரர் தலையில் கட்டணத்தை ஏற்றச் சொல்லவில்லை. ஆனால் சுமையை யாராவது ஏற்றாக வேண்டும்; அதற்கு நியாயமான ஏற்பாட்டை உடனே செய்யுங்கள். ஊக்கத்தொகையை நிறுத்தி நம் நாட்டுக் கார்டை நாமே முடக்கும் இந்த முடிவு தவறானது. அதைத் திரும்பப் பெற வேண்டும்.