பைக்குள் பை

பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் குடும்பங்களில் மலைப் பயணத்தைப் பற்றிய பேச்சு எழுவது இயல்பே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் கடந்து, ஆகாய கங்கை அருவிக்கு 1,000-க்கும் மேற்பட்ட படிகளில் இறங்கிச் செல்வோர் நம்மிடையே பலர் உளர். எங்கே தங்குவது, என்ன உணவு கட்டிக்கொள்வது என்பனவற்றை நாள்கணக்கில் ஆராயும் நாம், முதுகில் சுமக்கும் பையில் மட்டும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் முந்தின இரவில் திணித்து மூடிவிடுகிறோம். வழியில் பிள்ளையின் முழங்காலில் சிராய்ப்பு ஏற்படுகிறது. மருந்தோ பையின் அடியில் கிடக்கிறது. துணிமணிகள் யாவும் மண்ணில் இறக்கப்படுகின்றன. அவ்வேளையில் தூறலும் தொடங்கினால் கேட்க வேண்டுவதில்லை. வேண்டிய நேரத்தில் கைக்கு அகப்படாத பொருள், கொண்டுவராத பொருளுக்கு ஒப்பானதே.

மலையில் சுமை தூக்குவதன் அருமையை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வெண்ணந்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்த போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை ஆகிய சிற்றூர்கள் உள்ளன. பல தலைமுறைகளாக அங்கு வண்டி செல்லும் சாலை இருந்ததில்லை. வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் தலைச்சுமையாகவே மேலேறின. நோயுற்றோர் தூளி கட்டிக் கீழே கொண்டுவரப்பட்டனர். 2021-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போதும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் அம்மலைக்குத் தலைச்சுமையாகவே சென்றன. தேர்தல் பணியாற்றிய நம் ஆசிரியப் பெருமக்கள் இதனை அறிவர்: கட்டுப்பாட்டுக் கருவி ஒரு பெட்டியில், வாக்களிக்கும் கருவி வேறொரு பெட்டியில், படிவங்கள் அவற்றின் வகைக்கேற்பத் தனித்தனி உறைகளில். மேலே சென்றபின் எதையும் தேடிக்கொண்டிருக்க இயலாது; விடுபட்டதை எடுத்துவரக் கீழே ஓடவும் இயலாது. ஆகவே, மலையேறுவோர்க்கு ஒழுங்கு என்பது அடிவாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

இக்காலத்தில் 'பேக்கிங் கியூப்' என்ற பெயரில், ஜிப் வைத்துத் தைத்த சிறு துணிப்பெட்டிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. பெரிய பைக்குள் அடுக்கிக்கொள்வதற்கானவை அவை. பெயர் புதிதாயினும் கருத்து நமக்குப் புதிதன்று. வெற்றிலை ஓர் அறையில், பாக்கு ஓர் அறையில், சில்லறை ஓர் அறையில் எனச் சுருக்குப்பையில் வைத்து, இருட்டிலும் விரலால் தடவி எடுத்தவர்கள் அல்லரோ நம் பாட்டிமார்? தறியோசை கேட்கும் நம் ஊர்களில் மெல்லிய துணிக்குப் பஞ்சமுமில்லை. வீட்டிலேயே நான்கைந்து சுருக்குப்பைகளைத் தைத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறக் கயிறு கோத்துவிட்டால் போதும். கீழே குறுகிச் செல்லும் முதுகுப்பையில் சதுரப் பெட்டிகளைவிடத் துணிப்பைகள் இடைவெளியின்றிப் பொருந்தும்.

இனி, அடுக்கும் முறையைக் காண்போம். இரவில் மட்டும் வேண்டிய போர்வையும் கம்பளிச் சட்டையும் அடியில் இருக்கட்டும். கனமான உணவுப் பையும் தண்ணீரும் நடுவில், முதுகை ஒட்டியே இருத்தல் வேண்டும். அவை விலகியிருந்தால் தோளைப் பின்னுக்கு இழுக்கும். ஒருவருக்கு ஒரு பையென மாற்றுடைகளைச் சுருட்டி வைக்கலாம். மருந்துப் பையும் கைவிளக்கும் மேலே அமைய வேண்டும். மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதே முறை. துணிப்பை மழையைத் தடுக்காது. ஆதலின் முதுகுப்பையின் உட்புறம் தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றை விரித்து, அதற்குள் இவற்றை அடுக்க வேண்டும். ஈர உடைக்கு ஒன்றும் குப்பைக்கு ஒன்றுமாக இரண்டு வெற்றுப்பைகளும் உடன் வரட்டும்.

இவ்வொழுங்கு இடத்தை மிச்சப்படுத்துமேயன்றி எடையைக் குறைக்காது என்பதை நாம் மறத்தலாகாது. இடம் மிஞ்சியதைக் கண்டதும், 'இன்னும் ஒன்று வைக்கலாமே' என்ற ஆசை பிறக்கும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ எடையுள்ளது. ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கும், இரவு தங்கும் பயணத்துக்கு ஐந்தில் ஒரு பங்கும் சுமையின் எல்லை எனக் கொள்ளலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது முறையே 6 கிலோ, 12 கிலோ ஆகும். சிறுவர்க்கு இதனினும் குறைவாகவே இருக்கட்டும். ஏனெனில், பாதி வழியில் ஒருவர் சுமக்க இயலாமல் இறக்கிவைக்கும் பை அங்கேயே நின்றுவிடுவதில்லை. உடன் வருவோர் ஒருவரின் தோளுக்கு மாறுகிறது. பெரும்பாலும் அத்தோள் அன்னையின் தோளாகவே இருக்கிறது.

ஆதலின், புறப்படுவதற்கு முந்தின மாலை பொருள்கள் அனைத்தையும் பாயில் பரப்பி, குடும்பமாக அமர்ந்து ஒவ்வொன்றையும் 'இது வேண்டுமா?' எனக் கேட்டு வைப்போம். பிள்ளைகள் தங்கள் பையைத் தாங்களே அடுக்கிப் பழகட்டும்; அடுக்கியவருக்கே எது எங்கே உள்ளது என்பது தெரியும். திரும்பி வந்தபின், பயன்படாத பொருள்களைக் குறித்துக்கொள்வோம். மருந்து, கைவிளக்கு, மழைச்சட்டை ஆகிய மூன்றைத் தவிர மற்றவை அடுத்த பயணத்தில் வீட்டிலேயே இருக்கட்டும். நம் பையிலிருந்து நாம் நீக்கும் ஒவ்வொரு பொருளும், உடன் நடப்பவருக்கு நாம் செய்யும் ஓர் உதவியே.